சங்கு ஊதினால் தூங்குமூஞ்சி மரத்தடிக்கு

பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாம் தவறத் தொடங்கியது. பன்னிரண்டு என்று இப்போது யோசித்துச் சொல்கிறேன். அன்று, அந்த நிமிடத்தில், அது பன்னிரண்டு என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாது.

முதலியார்பேட்டைப் பக்கம் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் சுவர்க் கடிகாரம் இருந்தாலும் நாம் மணி பார்த்தது காதால்தான். மில் சங்கு விடியலில் ஒருமுறை ஊதும், பள்ளிக்கூட நேரத்துக்கு ஒருமுறை, உச்சிக்கு ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. உலை வைப்பது, குழாயடிக்குக் குடம் தூக்குவது, வெயிலில் போட்ட வடகத்தை எடுப்பது எல்லாமே அதற்குத்தான் கட்டுப்பட்டன. "சங்கு ஊதிடுச்சா?" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டிருப்போம். வடக்கிலிருந்து காற்றடித்தால் அரியாங்குப்பம் ஆற்றைத் தாண்டியும் கேட்கும். சங்கு என்றால் கோயிலில் ஊதுவதா என்று என் மகள் கேட்டாள். மில் கூரை மேலிருந்து அலறுகிற சைரன் என்று சொன்னேன். "அப்போ சைரன்னே சொல்லலாமே" என்றாள்.

இதை எழுதக் காரணம் அவள்தான். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் பள்ளியில் ஒரு நடைக்குழு உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியை ஒருவர் இருபது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிராமத்துப் பாதைகளில் நடப்பார். வழியில் ஒரு பழைய கோயில், ஓர் ஏரி மதகு, ஓர் இடிந்த சுவர் என்று பார்த்துவிட்டு வருவார்கள். நல்ல விஷயந்தான். நானே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். போன மாதம் அரிக்கமேடு. பன்னிரண்டுக்குத் திரும்பிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டே காலுக்கு அவள் போன் அணைந்துவிட்டது. அவள் எங்கே இருக்கிறாள் என்று காட்டும் நீலப் புள்ளி என் போனில் ஆற்றின் நடுவே போய் நின்றது. பெரிதாக்கிப் பார்த்தேன், சிறிதாக்கிப் பார்த்தேன். ஆற்றை விட்டு அது நகரவில்லை.

"சார்ஜ் போயிருக்கும், விடு" என்றார் என் கணவர். நடந்ததும் அதுதான். ஆனால் நான் அதற்குள் பள்ளி வாசலுக்குப் போய் நின்றுவிட்டேன். ஒன்றரை மணிக்கு வேனிலிருந்து இறங்கிய அந்த ஆசிரியையிடம், அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால், என்னென்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. சின்னப் பெண் அவர், இருபத்தைந்து வயதிருக்கும். அழுதுவிட்டார். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "உனக்கு என்னதாம்மா பிரச்சினை?" என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். எது முன்னால், எது பின்னால் என்று எனக்கே குழம்பிவிட்டது. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. தங்கைக்கு ஆறு. அப்பா மில்லில் தறி ஓட்டினார். அந்த வருடம் ஐப்பசி மழையோடு ஸ்டிரைக் வந்தது. முதல் வாரம் அப்பா வீட்டில் இருந்தார். பகலில் வீட்டில் எப்படி இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பதினேழு வருடம் நின்றே வேலை பார்த்த மனிதர், உட்காரத் தெரியாமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டு அம்மா வெங்காயம் அரிவதைப் பார்த்தார்.

"என்னாங்க, இதென்ன தறியா, பக்கத்துல நின்னு நூல் அறுதான்னு பாக்கறதுக்கு?" என்றாள் அம்மா.

மழை விட்டதும் ஒரு நாள் விடியலில் எங்களை எழுப்பினார். "பெரியவளே, சின்னவளே, கெளம்புங்க. ஊர் பாத்துட்டு வரலாம்." எந்த ஊர் என்று கேட்டோம். "ஊரா இல்ல? பாண்டியச் சுத்திலும் ஊர்தான்" என்றார்.

அப்படித் தொடங்கியது. சனி, ஞாயிறு, அப்புறம் அரையாண்டு விடுமுறை முழுவதும் நடந்தோம். எதிர்வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை நம் ஊரில் சொல்தா என்றுதானே சொல்வோம். அவர் தன்னுடைய தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்தார். அலுமினியப் புட்டி, மேலே பழுப்புக் கம்பளித் துணி தைத்திருக்கும், மூடியைச் சங்கிலியால் கட்டியிருக்கும். "அல்ஜீரியா பூரா நடந்தது இது. வில்லியனூருக்கு நடக்காதா?" என்றார். அதில் குடித்தால் தண்ணீரில் இரும்பும் கம்பளியும் சேர்ந்த ஒரு வாசனை வரும். தங்கை அதைத் தான்தான் மாட்டிக்கொள்வேன் என்று அடம்பிடிப்பாள். அவள் முழங்காலில் அது இடித்துக்கொண்டே வரும்.

வாய்க்கால் கரைகளில் நடந்தோம். அறுவடை முடிந்த வயல்களில் தாள் நறுக்கு குத்தும். ஈர வைக்கோல் வெயிலில் காயும் வாசனை வரும். வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் கை நிறையக் கொடுப்பார்கள். பச்சைக் கடலையை மண்ணோடு தின்போம். வில்லியனூர்க் கோயிலுக்கு ஒரு நாள் போனோம், ஊசுட்டேரிக் கரையில் ஒரு நாள் நீளமாக நடந்து பறவை பார்த்தோம். பாகூருக்குப் போன அன்று அப்பா ஒரு வரப்பின் மேல் நின்று, "இப்ப எந்த ஊர்ல நிக்கிறோம்?" என்றார்.

"பாண்டி" என்றோம்.

"தப்பு. இந்த வரப்புக்கு இந்தாண்ட தமிழ்நாடு. அந்தாண்ட பாண்டி. அதோ அந்தப் பம்புசெட்டுத் தாண்டினா மறுபடியும் தமிழ்நாடு."

தங்கை வரப்பின் இரண்டு பக்கமும் மாறி மாறிக் குதித்தாள். பாண்டி, தமிழ்நாடு, பாண்டி, தமிழ்நாடு. கடைசியில் சேற்றில் விழுந்தாள். "தமிழ்நாட்டுச் சேறு. அம்மாகிட்ட அப்படியே சொல்லிடு" என்றார் அப்பா. அவர் அவ்வளவு சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பாகூர்க் கோயில் சுவரில் எழுத்து வெட்டியிருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே நடந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, "ஏரித் தண்ணிய யாரு தொறக்கறதுன்னு சண்ட போட்டிருப்பாங்க. வேற என்னத்த எழுதப் போறாங்க" என்றார். அது உண்மையா, அந்த நிமிடத்தில் தோன்றியதா, தெரியாது.

ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒரு மில்காரர் இருப்பார். விடியலில் சைக்கிள் மிதித்து மில்லுக்கு வருகிறவர்கள்தானே அந்தக் கிராமங்களில் பாதிப் பேர். எங்களைக் கோயிலிலோ மதகிலோ விட்டுவிட்டு அப்பா அவர்களோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு வருவார். பெரியவர்கள் போகிற இடத்திலெல்லாம் யாரையாவது பார்த்துப் பேசுவார்கள் என்றுதான் நினைத்திருந்தோம்.

அரிக்கமேட்டுக்குப் போனது மார்கழி நடுவில். மூடாப்பாக இருந்தது அன்று. முருங்கப்பாக்கம் தாண்டி, பாலம் தாண்டி, காக்காயந்தோப்புப் பக்கம் திரும்பினோம். தென்னந்தோப்புகளுக்கு நடுவே மண் பாதை. ஆறு ஒரு பக்கமாகக் கூடவே வந்தது. உப்பும் அழுகின தென்னை மட்டையும் கலந்த வாசனை. "ரோமாபுரிக்காரன் கப்பல்ல வந்து யாவாரம் பண்ணின எடம்" என்று வழியெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டு வந்ததில் பெரிய கோட்டையை எதிர்பார்த்திருந்தேன். இருந்தது மாந்தோப்பும் புதரும் செங்கல் செங்கலாகப் பெயர்ந்த உயரமான ஒரு சுவரும்தான். அந்தச் சுவர் ரோமாபுரிக்காரன் கட்டியதில்லை, ரொம்பப் பின்னால் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டியது என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது.

"மழைக்கு அப்புறம் இங்க மண்ணுல மணி கெடைக்கும். அந்தக் காலத்துப் பாசிமணி" என்றார் அப்பா. அப்புறம் தோப்புக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அவருக்கு அடுத்த தறியில் வேலை பார்ப்பவர் வீடு அங்கேதான். நாங்கள் அவரைத் தறி மாமா என்போம். "ஒரு பேச்சு பேசிட்டு வந்துடறேன். ஆத்துப் பக்கம் எறங்கக்கூடாது. சங்கு ஊதினதும் அதோ அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்துடணும். நானும் வந்துடுவேன். சேந்து வூட்டுக்குப் போயிடலாம்."

சரி என்று தலையாட்டினேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு தடவையும் தலை சுற்றும். மில் ஓடவில்லை. மில்லை ஓடவிடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் அப்பாவும் ஒருவர். அந்தச் சங்கு ஊதி ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இது அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆறு வயசுத் தங்கைக்கும் தெரியும். வீட்டில் அம்மா சங்கை விட்டுவிட்டு ரேடியோவுக்கு மாறியிருந்தாள். ஆனாலும் அப்பா அதைச் சொன்னபோது மூன்று பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், நாளைக்குச் சூரியன் வரும் என்பது மாதிரி, வரத்தானே போகிறது என்று இருந்துவிட்டோம்.

அப்பா போனதும் தங்கை சுவரடியில் உட்கார்ந்துவிட்டாள். குதிகாலில் முள். பிடுங்கப் பார்த்தேன், காலை இழுத்துக்கொண்டு கத்தினாள். எனக்கு மணி பொறுக்கும் அவசரம்.

"சங்கு ஊதற வரைக்கும் இங்கியே உக்காரு. எழுந்த, உனக்கு ஒரு மணி கூடக் கெடையாது" என்றேன்.

"எனக்குச் செவப்பு மணி வேணும்."

"கெடைச்சா பாக்கலாம்."

"கெடைச்சா எனக்குத்தான்."

மழைத் தண்ணீர் அரித்த ஓடைகளில் குனிந்து குனிந்து போனேன். முதலில் ஓட்டுச் சில்லுகள்தான். அப்புறம் ஒரு பச்சை மணி, கடுகளவு, ஊசித் துளையோடு. அது கையில் வந்ததும் உலகம் மறந்துவிட்டது. அடுத்தது, அடுத்தது என்று எவ்வளவு தூரம் போனேன், எவ்வளவு நேரம் போனேன் என்று தெரியாது. நிழல் விழாத நாள், பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளங்கையில் ஆறு மணிகள் சேர்ந்தன. ஒன்று சிவப்பு.

அப்புறம் எனக்குச் சங்கு கேட்டது.

சத்தியமாகக் கேட்டது. அடியிலிருந்து எழும்பி, உச்சியில் கொஞ்சம் நடுங்கி, சோர்ந்து இறங்குமே, அதே மாதிரி. ஊதாத சங்கு எனக்கு எப்படிக் கேட்டது? நோணாங்குப்பம் பக்கம் ஏதாவது படகு மோட்டாரா, கடலூர் ரோட்டில் பஸ்ஸா, காது தானே போட்டுக்கொண்டதா? இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சத்தம் எனக்குள் அப்படியே இருக்கிறது. அது வரவேயில்லை என்று மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

எழுந்து ஓடினேன். சுவரடிக்கு ஓடவில்லை. மரத்தடிக்கு ஓடினேன். தங்கைக்கும் கேட்டிருக்கும், வந்துவிடுவாள் என்று நினைத்தேன். இப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் கையிலிருந்த மணிகளை அப்பாவிடம் முதலில் காட்ட வேண்டும் என்றிருந்தது எனக்கு. அவளைக் கூட்டிப்போனால் மெதுவாக நொண்டிக்கொண்டு வருவாள், சிவப்பைப் பிடுங்கிக்கொள்வாள்.

மரத்தடியில் யாருமில்லை. காத்திருந்தேன். தூங்குமூஞ்சிக் காய்கள் பிசுபிசுவென்று காலில் ஒட்டின. எறும்பு ஏறியது. அப்பாவும் வரவில்லை, அவளும் வரவில்லை. கடைசியில் சுவரடிக்குத் திரும்பிப் போனேன்.

அங்கே அவள் இல்லை. தண்ணீர்ப் புட்டியும் இல்லை. அவளுடைய ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. சுவரடியில் இல்லை, சுவரிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் பாதையில் பத்தடி தள்ளி, கவிழ்ந்து கிடந்தது.

என் கையிலிருந்த மணிகள் அப்போது எங்கே போயின என்று தெரியவில்லை. பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். விரலைத் திறந்த நினைவே இல்லை.

தோப்புக்குள் ஓடி, கோழி விரட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் கேட்டு, தறி மாமா வீட்டைக் கண்டுபிடித்தேன். வேலிக்குள் கயிற்றுக் கட்டிலில் அப்பாவும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து தலையைக் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா பெரியவளே, சங்கே ஊதல, அதுக்குள்ள வந்துட்ட?"

மாமாவின் மனைவி, அத்தை, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "எந்தச் சங்கு?" என்றார். அப்பாவும் மாமாவும் அவரைப் பார்த்தார்கள். "எந்தச் சங்குய்யா? நீங்கதான அத ஊதவுடாம உக்காந்திருக்கீங்க! ரேடியோவுல ரெண்டு மணி நியூஸ் முடிஞ்சி எவ்ளோ நேரமாச்சி!"

அந்த இரண்டு ஆண்களின் முகத்தையும் நான் மறக்கவில்லை. அவர்களும் சங்குக்காகத்தான் காத்திருந்தார்கள். ஊதட்டும், எழுந்திருக்கலாம் என்று.

"சின்னவ எங்க?" என்றார் அப்பா.

நான் செருப்பை நீட்டினேன்.

அடுத்த ஒரு மணி நேரம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. தோப்பில் இருந்த ஆண்கள் தென்னை மட்டையும் மூங்கிலும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அப்பா வேட்டியோடு ஆற்றில் இறங்கினார். இடுப்பளவில் நின்றுகொண்டு, "சின்னவளே, சின்னவளே" என்று தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டார். கரையைப் பார்த்துக் கூப்பிடாமல் ஏன் தண்ணீரைப் பார்த்துக் கூப்பிடுகிறார் என்று எனக்குப் புரிந்த நிமிடத்தில் வாந்தி எடுத்தேன். மூங்கில் ஒன்று எதிலோ இடித்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பழைய மரக்கட்டை. அத்தை என் முகத்தைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டார். அதில் மீன் குழம்பு வாசனை.

தண்ணீரில் ஒன்றும் அகப்படவில்லை என்றதும், "போலீஸ் அவுட்போஸ்ட்டுல சொல்லிடலாம். நாலு எடத்துக்கு ஆள் அனுப்புவாங்க" என்றார் அத்தை.

மாமா, "வாய மூடு" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு அப்பாவிடம் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "அவனுங்க உன்னத்தான் தேடிக்கினு கீறானுங்க. ஊர் ஊரா போயி ஆளுங்கள வேலைக்குத் திரும்பவுடாம பண்றது யாருன்னு கேட்டுக்கினு கீறானுங்க. உள்ள போனா வெளிய வரமாட்ட. உன்ன வெச்சி மத்தவங்களையும் புடிப்பான். இன்னும் கொஞ்சம் தேடலாம். இருட்டல இன்னும்."

அப்போதுதான் எனக்கு அது தெரிந்தது. தெரிந்தது என்று சொல்வதும் சரியில்லை. காதில் விழுந்தது. அதன் முழு அர்த்தம் வர இருபது வருடம் ஆனது. நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை. அப்பா யூனியன் வேலையாகப் போனார், ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொருவரிடமும் தாக்குப்பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு வர. இரண்டு பெண் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றின் தோளில் தண்ணீர்ப் புட்டி தொங்க, கோயில் பார்த்தபடி நடக்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்?

அப்படியானால் பாகூர்ச் சேற்றில் சிரித்த சிரிப்பு? கடலையை ஒவ்வொன்றாக உடைத்து எங்கள் வாயில் போட்டது? யாருமே பார்க்காத ஏரிக்கரையில் தங்கையைத் தோளில் தூக்கி, "அதோ அது கூழைக்கடா, அதுக்கு வாய்க்குக் கீழ பை" என்று காட்டியது? அதற்கும் ஒரு காரணம் இருந்ததா? அப்பா இப்போது இல்லை. இருந்த காலத்திலும் நான் கேட்கவில்லை. கேட்க நினைத்த ஒவ்வொரு தடவையும், கேட்டு அவர் பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன்.

இன்னும் ஒன்றையும் சொல்ல வேண்டும். மாமா அப்படிச் சொன்னபின் அப்பா நின்றார். ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்ட, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு நிமிடமாக இருக்கலாம். அரை மணியாகவும் இருக்கலாம். மகள் பிறந்த பிறகுதான் அது எனக்கு ரொம்ப நீளமாகத் தெரிய ஆரம்பித்தது. முதலில் அத்தைதான் பேசினார்.

"புள்ள பெருசாய்யா உனக்கு, ஸ்டிரைக்கு பெருசா?"

மாமா அவரை அதட்டவில்லை. அப்பா வேட்டியைப் பிழிந்து மடித்துக் கட்டிக்கொண்டார். என் மணிக்கட்டைப் பிடித்தார், கையை அல்ல, மணிக்கட்டை. "நட" என்றார். மாமா பின்னால் வந்து, "யோசிச்சிக்கோ" என்றார். "யோசிச்சிட்டேன், நீ வராத. உன்னையும் புடிப்பான்" என்று திரும்பாமல் சொன்னார் அப்பா.

மெயின் ரோட்டுக்குப் போகும் மண் பாதை. வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. தென்னை உச்சிகளில் காகங்கள் இடம் பிடிக்கச் சண்டை போட்டன. பாதி தூரம் போனோம். அப்புறம், "நீ ஏன் அவள வுட்டுட்டு வந்த?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார்.

"சங்கு ஊதிச்சுப்பா."

நின்றார். என் முகத்தைப் பார்த்தார். "ஊதலம்மா" என்றார். அப்பா என்னை அம்மா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. "ஊதல. நாந்தான் சொல்லிட்டேன்."

பின்னால் எங்கள் வீட்டில் இந்தக் கதை வேறுவிதமாகப் புழங்கியது. "பெரியவ மணி பொறுக்கப் போயி சின்னவளத் தொலைச்சவளாச்சே" என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அப்பா அங்கேயே உட்கார்ந்திருப்பார். அந்த மண் பாதையில் என்னிடம் சொன்னதை மறுபடி யாரிடமும் அவர் சொல்லவில்லை. நானும் சொன்னதில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

பாதை வளையும் இடத்தில், எதிரே, தலையில் கூடையோடு ஓர் உருவம் வந்தது. இடுப்பு ஒரு பக்கம் தடித்திருந்தது. கிட்டே வரவரத்தான் அந்தத் தடிப்பு ஒரு பிள்ளை என்று தெரிந்தது. ஒரு காலில் செருப்பு இருந்தது. ஒரு காலில் இல்லை.

என் தங்கை இதைச் சொல்லும்போது சிரிப்பாள். அவளுக்கு அன்று நடந்ததில் பயம் என்று ஒன்றே இல்லை. மீன்காரம்மா முள்ளை எடுத்து, அந்த இடத்தில் வெற்றிலை எச்சிலை வைத்தது. ஊர் ஊராக "மீனோ" என்று அவரோடு சேர்ந்து தானும் கத்தியது. ஒரு வீட்டில் பொரி கொடுத்தது. தண்ணீர்ப் புட்டியை எந்த வீட்டுக் கிணற்றடியிலோ மறந்தது. இவ்வளவுதான் அவளுக்கு. "நான் எங்கக்கா தொலைஞ்சேன்? நான் ஜாலியா சுத்திக்கினு இருந்தேன். நீங்கதான் தொலைஞ்சிட்டீங்க" என்பாள். அவள் சொல்வதும் சரி என்றுதான் சில நாள் தோன்றுகிறது.

அந்த அம்மாளை நாங்கள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. வீராம்பட்டினத்துக்காரர் என்று மட்டும் தெரியும். ஐம்பது வயதிருக்கும். காலி அன்னக்கூடையைத் தலையிலிருந்து ஒரு கையால் இறக்கிக் கீழே வைத்தார். தங்கையை இறக்கவில்லை. அப்பா இரண்டு கையையும் நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. தங்கையும் அவர் கழுத்தை விடவில்லை.

"இந்தப் புள்ள உன்னுதா?"

அப்பா தலையாட்டினார்.

"மத்தியானத்துலேர்ந்து தேடறேன் உன்ன. இடிஞ்ச சொவத்துகிட்ட ஒத்தையில உக்காந்துக்கினு இருந்துச்சி, கால்ல முள்ளோட. யாரு வூட்டுப் புள்ளடின்னா, சங்கு ஊதினா எங்கப்பா வருவாருங்குது. அது எங்க ஊதப் போவுது? ஆத்தங்கரையில புள்ளய வுட்டுட்டுப் போவ மனசு வரல. கூடையில மீனு கெட்டுப்போவும், நிக்கவும் முடியல. சரி, உங்கப்பன் பேரச் சொல்லு, ஊருல விசாரிச்சிக் கொண்டாந்து வுடறேன்னா, வாயே தெறக்கல. நாலு ஊரு இடுப்புல தூக்கிக்கினு சுத்தனேன்யா. ஊருக்கு ஊரு கேட்டேன். பொரி குடுத்துக் கேட்டேன், மெரட்டிக் கேட்டேன், சாமி மேல சத்தியம் பண்ணிக் கேட்டேன். எங்கப்பா பேர யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லியிருக்காருன்னு ஒரே பேச்சு. பேர மட்டும் சொல்லியிருந்தா மூணு மணிக்கெல்லாம் கொண்டாந்து வுட்டிருப்பேன்."

அப்பாவை உச்சியிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். ஈர வேட்டியையும், சேறு காய்ந்த முழங்காலையும், கையிலிருந்த ஒற்றைச் செருப்பையும் பார்த்தார்.

"அப்படி இன்னாய்யா பேரு, உன் பேரு?"